கொக்கு வண்டிக்கு ஒரு சிவப்புச் சீட்டு

அந்தச் சைக்கிளின் பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. வலது பக்கக் கம்பியில் ஒரு நட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஸ்பேனரை வைத்துக் கால் சுற்றுச் சுற்றினால் சரியாகியிருக்கும். எனக்கு அது தெரியும். கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனியில் பதினோரு வருடமாகத் தரம் பார்ப்பவள் நான். தெரிந்துதான் சிவப்புச் சீட்டைக் கட்டினேன்.

எங்கள் கம்பெனி ஒரகடத்தில் இருக்கிறது. ஒரு பாகம் சரியில்லை என்று எனக்குத் தோன்றினால் அதில் சிவப்புச் சீட்டைக் கட்டுவேன். காரணம் எழுதி, கீழே சுகப்பிரியா என்று கையெழுத்துப் போடுவேன். கட்டிய பிறகு அதை யாரும் தொடக்கூடாது. பிளான்ட் மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். தவறாகக் கட்டியிருந்தால் அதே சீட்டில் குறுக்கே கோடு போட்டு, காரணம் எழுதி, மறுபடியும் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். பதினோரு வருடத்தில் நான் அப்படிக் கோடு போட்டது இரண்டே தடவை. 'மேடம் சீட்டு கட்டினா தப்பாகாது' என்று லைனில் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் கேட்காதது போல நடந்து போவேன். உள்ளே இனிக்கும்.

சைக்கிள் ரத்தினம் அண்ணனுடையது. இரண்டாவது கேட்டில் செக்யூரிட்டி. ஐம்பத்தேழு வயது. நீலச் சட்டை, கழுத்தில் விசில், எந்த நேரமும் ஈரத் துணியால் துடைத்தது போன்ற முகம். அவர் சைக்கிள் கேட்டுக்கு உள்ளே தகரக் கூரை போட்ட ஸ்டாண்டில் நிற்கும். மற்றவர்களின் சைக்கிள்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். அது மட்டும் சுவரை ஒட்டித் தனியாக, இரண்டு கால் ஸ்டாண்டின் மேல் நேராக நிற்கும். கறுப்பு உடம்பு. செயினை முழுவதுமாக மூடிய தகர உறை. வெயிலிலும் வியர்வையிலும் பதமாகிக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்ட தோல் சீட். கேபிள் இல்லாமல் கம்பியாலேயே ஓடும் பிரேக். முன்னால் ஒரு பித்தளைத் தகட்டில் கொக்குத் தலை. பெடல் சுழலும் பல்சக்கரத்திலும் அதே கொக்குத் தலையை வெட்டியிருப்பார்கள். இங்கிலாந்தில் செய்த ராலே. அறுபது, எழுபது வருடத்துக்கு முந்தையது. அவர் ஊரில் அதற்குக் கொக்கு வண்டி என்று பெயர்.

எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து இழுத்தது அதன் முன்சக்கரத்தின் நடுப்பகுதி. அங்கே ஒரு சின்ன டப்பா அளவுக்கு உருண்டையாக இருக்கும். உள்ளே காந்தம். சக்கரம் சுற்றினால் முன்விளக்கும் பின்விளக்கும் எரியும். டயரில் உரசுகிற டைனமோ போல முனகாது, மிதிப்பவரின் காலைப் பிடித்து இழுக்காது. முதல் தடவை அதைப் பார்த்தது ஒரு மழைக்கால விடியலில், ஏ ஷிப்டுக்கு வரும்போது. எங்கள் கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் சத்தமே இல்லாமல் ஒரு மஞ்சள் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பஸ் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். ரத்தினம் அண்ணன் முதுகு வளையாமல், ஏதோ நாற்காலியில் உட்கார்ந்தபடி போவது போலப் போய்க்கொண்டிருந்தார்.

அந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அதை ஆசைப்பட்டேன். என்னிடம் ஏற்கெனவே ஒரு பழைய ஹம்பர் இருந்தது. நான் குடியிருக்கும் குன்றத்தூரில் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சைக்கிள்களில் போவோம். போரூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் இனியவன்தான் எங்கள் கூட்டத்துக்கு எல்லாம் தெரிந்தவர். மலைக்கோயில் அடிவாரத்தில் கிளம்பி, எங்காவது போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். ஒருவர் வண்டியை மற்றவர் தூக்கிப் பார்ப்பதும், பிரேமுக்கு அடியில் குத்தியிருக்கும் எண்ணைத் தடவிப் படிப்பதும், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரரை விசாரிப்பது போல இருக்கும். இந்த வண்டிகளில் வேகமாகப் போக முடியாது. போனால் வண்டியே கோபித்துக்கொள்ளும். நிமிர்ந்து உட்கார்ந்து, நாலு மிதி மிதித்துவிட்டுக் காலை நிறுத்தினால் அது பாட்டுக்குப் போகும். பின்சக்கரத்திலிருந்து பல் எண்ணுவது போல ஒரு டிக் டிக் சத்தம் வரும். பத்தொன்பது வயதில் தெற்கிலிருந்து வந்து, ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் தங்கி, திரை போட்ட கம்பெனி பஸ்ஸில் ஏறி இறங்கியே வளர்ந்தவள் நான். யாரும் ஏற்றாமல், யாரும் இறக்காமல் போவது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

இப்படி ஒரு காரணம் சொல்லலாம். ஆசைக்குத் தேடினால் காரணம் கிடைக்கும். ஆனால் என் ஹம்பரும் அதே டிக் டிக் சத்தம் போடத்தான் செய்தது.

போன வருடம் ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பு, மழைக்காலம் வருகிறது என்று சொல்லி, ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகளை எல்லாம் பரிசோதிக்கச் சொன்னார்கள். அந்த வேலை எனக்கு வந்தது. கேட்டு வாங்கவில்லை. வந்தபோது மறுக்கவும் இல்லை. பழுதான வண்டிகளில் சிவப்புச் சீட்டைக் கட்டிக்கொண்டே போனேன். டயர் தேய்ந்தது, பிரேக் கட்டை இல்லாதது, செயின் துருப்பிடித்தது. ரத்தினம் அண்ணன் கூடவே வந்து ஒவ்வொரு வண்டியையும் பிடித்துக் கொடுத்தார். கடைசியில் சுவரோரம் வந்தோம்.

"இதப் பாக்கவே வாணாம் மேடம்" என்றார் சிரித்துக்கொண்டே. "இது லண்டன் சரக்கு."

நான் பிரேக்கைப் பிடித்து வண்டியைத் தள்ளிப் பார்த்தேன். சக்கரம் நின்றது. தளர்ந்த நட்டைப் பார்த்தேன். என் கை சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்தது. 'பிரேக் பழுது. பயன்படுத்தத் தகுதியற்றது' என்று எழுதினேன். எழுத்து எப்போதும் போல அழகாக வந்தது.

அவர் முகம் மாறியது. சிவப்புச் சீட்டை யாரும் கேள்வி கேட்பதில்லை.

"இதுக்கு இனிமே பார்ட்ஸ் கிடைக்காதுண்ணே" என்றேன். கிடைக்கும். ஸ்ரீபெரும்புதூரில் எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும்.

"வூட்ல அவங்கப்பா குடுத்த வண்டி மேடம். வாலாஜாபாத் ஸ்டேஷன்ல கேங்மேனா இருந்தாரு. அவுரு ஆபீசரு ஆஸ்திரேலியா போறப்ப குடுத்துட்டுப் போனது. கல்யாணத்துக்கு எனக்குக் குடுத்தாரு."

"அதுக்காக உசுரைக் கொடுக்க முடியுமாண்ணே? கன்டெய்னர் லாரி ஓடுற ரோடு. மழை வேற வரப்போகுது. நான் உங்களுக்குப் புது வண்டி ஒண்ணு வாங்கித் தாரேன். இதை எங்கிட்டக் கொடுத்திருங்க. சும்மா வீட்டுல நிப்பாட்டி வச்சுக்கிடுதேன்."

அவர் உயிரைச் சொல்லித்தான் கேட்டேன். அப்போது அது எனக்கே உண்மை போல ஒலித்தது. சாயங்காலம் சரி என்றார். அதற்குள் மனம் மாறிவிடுவாரோ என்ற பயத்தில் மறுநாள் காலையிலேயே கடைக்கு ஓடினேன். தடித்த டயர் போட்ட சிவப்பு வண்டி ஒன்றை எடுத்தேன். "லைட்டு போட்டுத் தரட்டுமா மேடம்? அரை மணி நேரம் ஆவும்" என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்றேன். பிறகு ஒரு நாள் பேட்டரி விளக்கு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தது உண்மை. அந்தப் பிறகு ஒரு நாள் வரவே இல்லை.

பழைய வண்டியிலிருந்த சீட்டை அவிழ்த்துக் கீழே போட்டேன். ரத்தினம் அண்ணன் குனிந்து அதை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஆயுத பூஜை அன்று புது வண்டிக்குச் சாமந்தி மாலை போட்டு, எனக்குப் பொரியும் கடலையும் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த மூன்று மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். இதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் என் கணவர் ஆறுமுகநயினார், நான் அந்த வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "ஏட்டி, அதுக்குப் பக்கத்துல ஒரு பாயையும் விரிச்சுக்கிடு. ரெண்டு பேருக்கும் சோறு அங்கேயே கொண்டாந்து தாரேன்" என்பார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இனியவன் என் வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார். "தெரிஞ்சவங்க கொடுத்தாங்க" என்றேன். விடியலில் விளக்கு எரிய மணிமங்கலம் ஏரிக்கரையில் போகும்போது, தண்ணீரில் அந்த மஞ்சள் புள்ளி கூடவே வரும்.

கிறிஸ்மஸ் முடிந்த மூன்றாம் நாள், இரண்டாவது கேட்டில் ரத்தினம் அண்ணன் இல்லை. கன்னியப்பன் என்ற புது ஆள் நின்றார்.

"ரத்தினத்துக்கு ஆக்சிடென்ட்டு மேடம். நேத்து காலைல பனில வரச்சொல்ல மினி லாரிக்காரன் தட்டிட்டான். காலு ரெண்டு எடத்துல ஒடஞ்சிருக்குது, கம்பி வெச்சிக்கிறாங்க. லைட் இல்லாத வண்டில போய்க்கினு இருந்தா அவனுக்கு எப்டித் தெரியும்? வயசான ஆளுக்கு அறிவு வாணாமா?"

நான் உள்ளே போய் அன்றைய மீட்டிங்கில் உட்கார்ந்தேன். யாரோ ஒரு பாகத்தில் இருந்த கீறலைப் பற்றிப் பேசினார்கள். அதற்கு நான் பதிலும் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து, கம்பெனியிலிருந்து நாலு பேராக ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். ஒரகடத்தைத் தாண்டி வாலாஜாபாத் போகும் சாலையில் வலது பக்கம் பிரிகிற ஏரிக்கரை ஊர். வாசலில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ரத்தினம் அண்ணன் கட்டிலில் காலை நீட்டியபடி கிடந்தார். எங்களைப் பார்த்ததும் எழப் பார்த்தார்.

"மன்னிச்சிக்குங்க மேடம்" என்றார் என்னைப் பார்த்து. "நீங்க ஆசையா வாங்கிக் குடுத்த வண்டி. ஒடச்சிட்டேன்."

அவர் மனைவி லூர்தம்மாள் டம்ளர்களில் கலர் ஊற்றிக்கொண்டே பேசினார். "லைட்டு இல்லாத வண்டில இருட்ல போவாதேன்னு நான் சொன்னனா இல்லயா? ஒரு டார்ச்சு லைட்டாவது கட்டிக்கினு போயிருக்கலாம்ல. மேடம் புது வண்டியே வாங்கிக் குடுத்தாங்க. இதுக்கு ஒரு லைட்டு போட்டுக்கத் துப்பில்ல. ஊர்ல எல்லாம் கேக்கறாங்க, உன் வூட்டுக்காரனுக்குக் கண்ணு தெரியாதான்னு."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "என் தப்புதான்" என்றார். அந்தச் சொல்லைப் பலமுறை சொல்லிப் பழகிய குரல்.

அப்போதுதான் பார்த்தேன். மாதா படம் போட்ட காலண்டருக்குக் கீழே அதே ஆணியில் என் சிவப்புச் சீட்டு தொங்கியது. மடிப்புக்கூடக் கலையவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்த லூர்தம்மாள், "அதுவா மேடம்?" என்றார். "எங்கப்பா குடுத்த வண்டிய இவரு வித்துத் தின்னுட்டாருன்னு நான் ஒரு வாரம் சண்ட போட்டேன். அப்பறம்தான் இந்தச் சீட்ட எடுத்துக் காட்னாரு. நிலா படிச்சிச் சொல்லிச்சி. மேடம் கையெழுத்தே கீது, அப்பறம் இன்னா பேசறது?"

நிலா அவர்களுடைய மகள். வல்லம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் அன்று ஷிப்டில் இருந்தாள். நல்லவேளை என்று நினைத்தேன். படித்த பிள்ளையின் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மற்ற மூன்று பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அவர்கள் இல்லாவிட்டாலும் அன்று சொல்லியிருக்க மாட்டேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் அப்படியே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு குறையும் இல்லாமல் கொடுக்க வேண்டும். இரண்டு வாரம் ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துடைத்தேன். நட்டை முறுக்கினேன். தோலுக்கு எண்ணெய் போட்டேன். அழுக்கு போகப் போக எனக்குள்ளும் ஏதோ போவது போல இருந்தது. கடைசியாக முன்சக்கரத்தின் அந்த உருண்டை மட்டும் மிச்சம். அது நன்றாகத்தான் இருந்தது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஆனாலும் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் எதையும் வெளியே அனுப்பிப் பழக்கமில்லை எனக்கு. திருகாணிகளைக் கழற்றி, உள்ளேயிருந்த காந்த வளையத்தை வெளியே இழுத்தெடுத்து, மேஜைமேல் வைத்துத் துடைத்துவிட்டு, மறுபடியும் உள்ளே வைத்து மூடினேன்.

சக்கரத்தைச் சுற்றினேன். விளக்கின் இழை ஊதுபத்தி நுனி போலச் சிவந்தது. அவ்வளவுதான். வேகமாகச் சுற்றினேன். அவ்வளவேதான்.

இனியவனுக்கு போன் செய்தேன்.

"காந்தத்தை வெளியே எடுத்தீங்களா?" என்றார். "சும்மா எடுத்தீங்களா? அதுக்குப் பதிலா உள்ளே இரும்பு வளையம் ஒண்ணு தள்ளிக்கிட்டே எடுக்கணும் மேடம். வெளியே வந்த நிமிஷமே காந்தத்துக்குச் சக்தி இறங்கிடும். எழுபது வருஷம் எரிஞ்சிருக்கும். யாரும் தொறந்து பாக்காததாலதான் எரிஞ்சிருக்கும்." பிறகு சிரித்தார். "ஒர்க் ஷாப்ல கொடுத்தா மறுபடி சக்தி ஏத்தித் தருவாங்க, எங்கேன்னு விசாரிக்கணும். நீங்க குவாலிட்டில இருக்கீங்கன்னு வெளியே சொல்லாதீங்க."

விசாரித்து, சக்தி ஏற்றிய பிறகு திருப்பிக் கொடுக்கப் போகலாம் என்று இருந்திருக்கலாம். அப்படி ஒரு வேலை கிடைத்தால் அது முடிகிறவரை போகாமல் இருப்பேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன். காரில் போட்டுக்கொண்டு போகலாமே என்றார் என் கணவர். மிதித்தே போகிறேன் என்றேன். முப்பது கிலோமீட்டர். மணிமங்கலம், படப்பை, ஒரகடம். தண்டனை போல இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் வண்டி சுகமாக ஓடியது. படப்பை தாண்டி ஒரு சரிவில் காலை நிறுத்தினேன். டிக் டிக் என்று எண்ணிக்கொண்டே போனது. வெயில் முதுகில் இதமாக விழுந்தது. எதிரே பைக்கில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து வண்டியைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். எங்கே, எதற்காகப் போகிறேன் என்பதை மறந்து ஒரு நிமிடம் அந்த வண்டியின் சொந்தக்காரியாகவே இருந்தேன்.

ரத்தினம் அண்ணன் வீட்டில் மாதா கோயில் பூசை முடிந்து வந்திருந்தார்கள். நிலா பாட்டுப் பயிற்சிக்காக அங்கேயே தங்கிவிட்டாள். லூர்தம்மாள் வாசலில் உட்கார்ந்து கறி கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தார்.

"ஐய, எங்கப்பா வண்டி."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பித்தளைக் கொக்கின் தலையைத் தடவினார். "இன்னா மேடம், இப்டிப் பளபளன்னு ஆக்கிக் கொண்டாந்துகீறீங்க." பிறகு உள்ளே பார்த்து, "யோவ், யாரு வந்துக்கிறாங்க பாரு" என்றார்.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு ரத்தினம் அண்ணன் கதவு வரை வந்தார். வண்டியைப் பார்த்ததும் அவர் வாய் லேசாகத் திறந்து மூடியது. "உள்ள எடுத்தா லூர்து, உள்ள எடுத்தா" என்றார்.

கூடத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். நான் பேச ஆரம்பிக்கும் முன்பே லூர்தம்மாள் ஜன்னலைச் சாத்தினார். "நிலா பத்தாவது படிக்கச் சொல்ல கரண்ட்டு பூட்ச்சின்னா நான் ஹேண்டில் பாரத் தூக்கிப் புடிப்பேன், இவரு சக்கரத்தச் சுத்துவாரு, அது உக்காந்து படிக்கும். ஒரு தபா கணக்குப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் சுத்தனாரு. தூக்குங்க மேடம், ஒரு தபா பாக்கலாம்."

நான் முன்பக்கத்தைத் தூக்கினேன். லூர்தம்மாள் சக்கரத்தைச் சுழற்றினார். மூன்று பேரும் விளக்கைப் பார்த்தோம். இருட்டில் ஒரு சிவந்த இழை. அது சுவரைக்கூடத் தொடவில்லை. அவர் இன்னும் வேகமாகச் சுழற்றினார். வளையல் கம்பியில் பட்டுச் சத்தம் கேட்டது.

"உடு லூர்து" என்றார் ரத்தினம் அண்ணன். "பழசாயிட்ச்சி. மேடம்தான் அன்னிக்கே சொன்னாங்களே, இது இனிமே ஒதவாதுன்னு. நீதான் ஒத்துக்கல. இப்பப் பாத்தியா?" என்னைப் பார்த்தார். "மேடம் சீட்டு கட்டுனா தப்பாவாது."

என் கையில் வண்டி கனத்தது. இறக்கி வைத்தேன். ஜன்னல் இடுக்கிலிருந்து வந்த வெளிச்சத்தில் காலண்டருக்குக் கீழே சீட்டின் நுனி தெரிந்தது. இனி நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நான் எழுதிய பொய்யை நானே உண்மையாக்கி, முப்பது கிலோமீட்டர் மிதித்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். வண்டியும் திரும்பிவிட்டது. டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம். இந்த மனிதர் தன் காலைப் பார்த்துத் தன்னைத் திட்டிக்கொண்டே இருப்பார். அவர் மனைவியும் திட்டிக்கொண்டே இருப்பார்.

"அண்ணே, அன்னைக்கு லைட்டு எரிஞ்சுது" என்றேன்.

"இன்னா மேடம்?"

"நல்லா எரிஞ்சுது. போன வாரம் வரைக்கும் எரிஞ்சுது. நாந்தான் கழட்டிப் பாக்கேன்னு கெடுத்துட்டேன். பிரேக்கும் நல்லாத்தான் பிடிச்சுது. ஒரு நட்டு லூசா இருந்துச்சு, அவ்வளவுதான்."

லூர்தம்மாள் ஜன்னலைத் திறந்தார்.

ரத்தினம் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தார். கேட்டில் லாரி டிரைவர்களிடம் கேட்கும் குரலில், அவசரமில்லாமல், கேட்டார். "அப்ப சீட்டு எதுக்குக் கட்னீங்க?"

"வண்டி எனக்கு வேணும்னு இருந்துச்சு."

"சைக்கிளா?" என்றார் லூர்தம்மாள். "ஏம்மா, உன் வூட்ல காரு நிக்குது. வேற ஒரு சைக்கிளும் நிக்குதுன்னு இவரே சொல்லிக்கிறாரு. இன்னும் இது வோணுமா ஒனக்கு?"

அவர் 'மேடம்' என்று சொல்லாததை நான் கவனித்தேன்.

"கேட்டிருக்கலாம்ல" என்றார் ரத்தினம் அண்ணன்.

"கேட்டிருந்தா கொடுத்திருப்பீங்களாண்ணே?"

"குடுத்திருக்க மாட்டேன்."

யோசிக்கக்கூட இல்லை. அவர் கொடுத்திருப்பேன் என்று சொல்வார் என்றுதான் என் மனம் எதிர்பார்த்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். அழுதால் இருவரும் என்னைத் தேற்றியிருப்பார்கள்.

"புது வண்டிக்கு லைட்டு போடவான்னு கடையில கேட்டாங்க" என்றேன். "அரை மணி நேரம் ஆகும்னாங்க. நாந்தான் வேணாம்னுட்டேன்."

வெளியே கறிச் சட்டியைப் பார்த்துக் காக்கை கரைந்தது. ரத்தினம் அண்ணன் கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி இடம் மாற்றி வைத்தார்.

"ஒரு மாசமா இவ பேசுன பேச்சு கொஞ்ச நஞ்சம் இல்ல" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "நானும் என் தப்புன்னு வாங்கிக் கட்டிக்கினேன்."

லூர்தம்மாள் அவரைப் பார்க்கவில்லை. சுவரருகே போய்க் காலண்டரை ஒதுக்கி, சீட்டை ஆணியிலிருந்து எடுத்து அவர் மடியில் போட்டார்.

அவர் அதை விரித்து முழங்காலில் வைத்து நீவினார். "தப்பா கட்டிட்டா உங்க ரூல் இன்னா? கேட்ல எத்தினி சீட்டு பாத்துக்கிறேன். கோடு போட்டு வருமே சிலது."

"கோடு போட்டு, காரணம் எழுதி, கையெழுத்துப் போடணும்."

"போடுங்க."

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். குனிந்து, சீட்டை வண்டியின் தோல் இருக்கையின் மேல் வைத்துக் குறுக்கே கோடு போட்டேன். அடியில் சின்ன எழுத்தில் எழுதினேன். 'பிரேக் சரியாக இருந்தது. விளக்கும் எரிந்தது.' கையெழுத்துப் போடப் போனேன்.

"படிங்க" என்றார். படித்தேன்.

"அது வண்டி எப்டி இருந்திச்சின்றது. காரணம் எங்க?"

மறுபடியும் குனிந்தேன். 'வண்டியின்மேல் ஆசைப்பட்டுப் பொய்யாகக் கட்டினேன்.' இந்தத் தடவை எழுத்து அழகாக வரவில்லை. சுகப்பிரியா என்று போட்டேன். ஜனவரி என்று தொடங்கும்போது அவர் கை நீட்டித் தடுத்தார்.

"இன்னிக்குத் தேதி போட்டா, இன்னிக்குத்தான் தெரிஞ்சிதுன்னு ஆயிடும். அன்னிக்கே தெரியும்ல உங்களுக்கு? அந்தத் தேதி போடுங்க."

செப்டம்பர் இருபத்துமூன்று என்று எழுதினேன்.

லூர்தம்மாள் சீட்டை வாங்கி, எழுத்து வெளியே தெரியும்படி அதே ஆணியில் மாட்டினார். "நிலா வந்து படிக்கட்டும்" என்றார். பிறகு என்னைத் தாண்டிக்கொண்டு வாசலுக்குக் கறி கழுவப் போய்விட்டார்.

நான் நிமிர்ந்து நின்றேன். கூட்டு ரோடு வரை நடந்தால் ஷேர் ஆட்டோ கிடைக்கும். வரட்டுமா என்று கேட்க நினைத்தேன். அதைக் கேட்கும் இடத்தில் நான் இல்லை. ரத்தினம் அண்ணன் வண்டியின் முன்சக்கரத்தை ஒரு விரலால் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார். விளக்கைப் பார்க்கவில்லை. சக்கரம் நிற்கிறவரை காத்திருந்துவிட்டு, தலையைத் தூக்காமலே சொன்னார்.

"போவச் சொல்ல படலச் சாத்திக்கினு போங்க. கோழி வெளிய பூடும்."